டர்பனில் தனியாக ஓடலாமா?

கேள்வி: நான் கோயம்புத்தூர்க்காரி, வயது 36. கணவருக்கு இங்கே வேலை கிடைத்து, தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. உம்லங்கா ரிட்ஜில், கேட்வே மாலுக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். ஊரில் ரேஸ்கோர்ஸில் தினமும் விடியற்காலை ஓடுவேன். இரண்டு அரை மாரத்தான் முடித்திருக்கிறேன். இங்கே வந்ததிலிருந்து ஓட்டம் அப்படியே நின்றுபோய்விட்டது. "தனியா வெளிய போகாதே" என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா இங்கேயே பிறந்து வளர்ந்தவர். வாசலில் நின்றபோது தன் சங்கிலியை அறுத்துக்கொண்டு போன கதையை அவர் சொன்னதிலிருந்து, என் கணவர் "ஜிம்முக்குப் போய் டிரெட்மில்லில் ஓடு" என்கிறார். டிரெட்மில்லில் பத்து நிமிடத்துக்கு மேல் எனக்கு முடியாது. மாமியாரோ போனில், "தாலியைக் கழற்றி வச்சுட்டு ஓடற ஓட்டம் வேண்டாம்" என்கிறார். உண்மையிலேயே இங்கே ஒரு பெண் தனியாக ஓட முடியுமா? எந்த வழியில்? சாயங்காலம் ஓடலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, டர்பன்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஓடலாம். இந்த ஊரில் ஓட்டப் பயிற்சி கொடுப்பவள் என்ற முறையில் தைரியமாகவே சொல்கிறேன். ஆனால் ஊரில் மாதிரி ஷூவை மாட்டினோம், கதவைச் சாத்தினோம், கால் போன பக்கம் போனோம் என்று இங்கே முடியாது. பக்கத்து வீட்டு அம்மா சொன்னதில் மிகை எதுவும் இல்லை. வழிப்பறி இங்கே உண்டு. செல்போனும் சங்கிலியும்தான் பெரும்பாலும் குறி. அதே ஊரில்தான் தினமும் விடிகிற நேரத்தில் கடற்கரை நடைபாதை முழுக்க ஆட்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். பாட்டிகள், கல்லூரிப் பெண்கள், தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டே ஓடும் அம்மாக்கள் என்று எல்லோரும் இருப்பார்கள். நீங்கள் அந்தக் கூட்டத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான். அதனால் புதிதாக வருகிறவர்களிடம் "எந்த வழியில் ஓடப் போகிறீர்கள்" என்று நான் முதலில் கேட்பதில்லை. "எத்தனை மணிக்கு" என்றுதான் கேட்பேன்.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கோவையில் வருடம் முழுக்கச் சூரியோதயம் ஒரு மணி நேரத்துக்குள்தான் முன்பின் நகரும். இங்கே அப்படி இல்லை. டிசம்பரில் காலை 4.45க்கே சூரியன் வந்துவிடும், 5 மணிக்குப் பட்டப்பகல். ஜூனில் 6.50 ஆகும். டிசம்பரில் 5 மணிக்கு ஓடிப் பழகிய பெண், அதே அலாரத்தில் மே மாதம் எழுந்து போனால் கும்மிருட்டில் நிற்பாள். எனவே மாதம் ஒருமுறை அலாரத்தை மாற்றுங்கள். வெளிச்சம் வந்த பிறகு கிளம்புங்கள்; ஆனால் ரொம்பத் தள்ளிப்போடவும் வேண்டாம். கோடையில் 8 மணிக்கெல்லாம் புழுக்கம் ஆளைத் தள்ளிவிடும். ஓடுகிறவர்களும் அதற்குள் வீடு திரும்பியிருப்பார்கள்.

சாயங்காலம் கேட்டீர்கள். குளிர்காலத்தில் வேண்டவே வேண்டாம். ஜூன், ஜூலையில் 5 மணி தாண்டியதும் சூரியன் இறங்கிவிடும், 5.30க்கு இருட்டு. வேலை முடிந்து வந்து ஷூ கட்டுவதற்குள் நேரம் போய்விடும். அந்த மாதங்களில் உங்கள் கணவர் சொல்லும் டிரெட்மில் அவ்வளவு மோசமான யோசனை இல்லை. அக்டோபரிலிருந்து மார்ச் வரை மாலை 6, 6.30 வரை நல்ல வெளிச்சம் இருக்கும். அப்போது கடற்கரை நடைபாதையில் மட்டும் ஓடலாம். ஆனால் கோடை மாலைகளில் வடகிழக்குக் காற்று பிய்த்துக்கொண்டு அடிக்கும். போகும்போது எதிர்காற்றில் போய், திரும்பும்போது காற்று முதுகில் படுகிற மாதிரி திட்டமிடுங்கள். மாற்றிச் செய்தால், களைத்துப்போய்த் திரும்புகிற வழியில்தான் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

இனி இடம். உங்களுக்குப் பக்கத்தில் இருப்பது உம்லங்கா கடற்கரை நடைபாதை. சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கம், திமிங்கல எலும்பு மாதிரி வளைவுகள் போட்ட சிறிய பாலம், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஓட்டல்களும் குடியிருப்புகளும். முழு நீளமும் ஏறக்குறைய 3 கிலோமீட்டர்தான். போய் வந்தால் 6. முதல் இரண்டு மாதத்துக்கு இதுவே போதும். ஓட்டல் வாசல்கள் அடுத்தடுத்து இருப்பதால், மனசுக்குச் சரியாகப் படாவிட்டால் சட்டென்று உள்ளே நுழைந்துவிடலாம். நடைபாதையின் வடக்கு முனையைத் தாண்டினால் காயலும் கடலோரக் காடும் உள்ள சரணாலயம் வரும். பார்க்க அவ்வளவு அழகு, கால் தானாக அந்தப் பக்கம் இழுக்கும். தனியாகப் போகாதீர்கள். நாலைந்து பேராகப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

நீண்ட ஓட்டத்துக்கு நகரத்துக் கடற்கரை இருக்கிறது. உம்கேனி ஆறு கடலில் சேரும் ப்ளூ லகூனில் தொடங்கி, சன்கோஸ்ட், நார்த் பீச், உஷாகா வழியாகத் துறைமுக வாய் வரை 8 கிலோமீட்டருக்குத் தட்டையான நடைபாதை. ஒரு சாலையைக்கூடக் கடக்க வேண்டாம். இந்த நாட்டில் நான் ஓடிய இடங்களில் அரை மாரத்தானுக்குப் பயிற்சி செய்ய இதைவிட வசதியானது வேறு இல்லை. ஆனால் 8 கிலோமீட்டரும் ஒரே மாதிரி இருக்காது. சன்கோஸ்டுக்கும் உஷாகாவுக்கும் நடுவில் உள்ள பகுதியில் காலையில் ஆள் நெருக்கம் அதிகம். அலைச்சறுக்குக்காரர்கள், நீச்சல்காரர்கள், மீன் பிடிக்கிறவர்கள், உயிர்காப்பாளர்கள் எல்லாம் அங்கேதான். ப்ளூ லகூன் முனை வார நாளில் வெறிச்சோடியிருக்கும். 16 கிலோமீட்டர் ஓட வேண்டும் என்றால் முனை வரை போய் வராமல், நடுப்பகுதியிலேயே திரும்பத் திரும்பப் போய்வாருங்கள். சலிப்பாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

குடியிருப்பைச் சுற்றியுள்ள தெருக்களில் ஓடலாமா என்ற ஆசையும் இருக்கும். அலுவலகத் தெருக்கள் வார நாள் காலையில் ஆள் நடமாட்டத்தோடு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அதே தெருவில் ஈ காக்கை இருக்காது. அங்கே ஓடுவதானால் வார நாளில், வேலைக்கு வருகிறவர்கள் இறங்கி நடக்கிற நேரத்தில் ஓடுங்கள். வடக்கே கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே செம்மண் பாதைகள் ஓடுவதைக் காரில் போகும்போது பார்த்திருப்பீர்கள். 1860இல் மெட்ராஸிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் வெட்டிய கரும்பு அந்தப் பக்கத்துக் கரும்புதான். அங்கே ஓடிப் பார்க்க எனக்கும் ஆசை வரும். ஆனால் ஆள் உயரக் கரும்புக்கு நடுவே முன்னாலும் தெரியாது, பின்னாலும் தெரியாது. கூப்பிட்டால் கேட்க யாரும் இல்லை. தனியாக வேண்டாம்.

நான் சொன்ன இடங்களோடு நிறுத்திக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும். புது வழி ஒன்றைச் சோதிப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். ஓடப்போகும் அதே கிழமையில், அதே நேரத்தில், முதலில் கணவரோடு போய் நடந்து பாருங்கள். ஞாயிறு மதியம் பார்த்துவிட்டு செவ்வாய் காலை ஓடக் கூடாது. தனியாக ஓடும் பெண்கள் கண்ணில் படுகிறார்களா என்று பாருங்கள். எனக்கு அதைவிட நம்பகமான அடையாளம் கிடையாது. அப்புறம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு இடமாவது, பெட்ரோல் பங்க், காவலாளி நிற்கும் வாயில், திறந்திருக்கும் கடை என்று ஒதுங்க வழி இருக்கிறதா பாருங்கள். இருபுறமும் நீண்ட மதில், நடுவில் வாசலே இல்லாத தெரு, பாலத்துக்கு அடியில் போகும் நடைவழி, புதர் ஓரம் இவை வந்தால் அந்த வழியை விட்டுவிடுங்கள்.

ஸ்ட்ராவா செயலியில் 'ஹீட்மேப்' என்று ஒன்று இருக்கிறது. எந்தச் சாலையில் அதிகம் பேர் ஓடுகிறார்களோ அது பளிச்சென்று ஒளிரும். புது ஊரில் வழி தேட நல்ல உதவி. ஆனால் அவர்கள் காலை 6 மணிக்கு ஓடினார்களா, இருபது பேர் சேர்ந்து ஓடினார்களா என்பது அந்தக் கோட்டில் தெரியாது. இன்னொன்றும் உண்டு. 2018 ஜனவரியில் இதே வரைபடத்தில் ராணுவ முகாம்களின் ஓட்டப்பாதைகளே ஒளிர்ந்து உலகம் முழுக்கச் செய்தியானது. ராணுவத்தின் முகவரியே அதில் தெரிந்தது என்றால், உங்கள் வீட்டு வாசல் தெரியாதா? அமைப்புகளுக்குள் போய் ஓட்டத்தின் தொடக்கத்தையும் முடிவையும் மறைத்து வைத்துவிட்டு, தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றுங்கள்.

தினம் ஒரே நேரத்தில் ஒரே வழியில் போகாதே என்று சிலர் சொல்வார்கள். பாதி சரி. வீட்டு வாசலிலிருந்து கிளம்பும் ஓட்டத்துக்கு அது பொருந்தும். நேரத்தையும் திசையையும் கலைத்துப் போடுங்கள். கூட்டம் உள்ள கடற்கரையிலோ நான் இதற்கு நேர்மாறாகச் சொல்வேன். ஒரே நேரத்தில் போங்கள், முகம் பழகட்டும். எதிரே வரும் காவலாளியையும் பெருக்குகிறவரையும் பார்த்துத் தலையை ஆட்டி, ஜூலு மொழியில் 'சாவுபோனா' என்று வணக்கம் சொல்லுங்கள். 'யெபோ' என்று பதில் வரும். இரண்டே வாரத்தில் உங்களை அடையாளம் தெரிந்துவிடும். ஒரு நாள் போகாவிட்டால் மறுநாள் "நேத்து எங்கே?" என்று கேட்பார்கள். இங்கே மனிதர்களை நிமிர்ந்து பார்த்து வணக்கம் சொல்லாமல் போனால்தான் தப்பாக நினைப்பார்கள். நாம் ஊரில் பழகிய மாதிரி தலையைக் குனிந்துகொண்டு ஓடுவது இங்கே மரியாதைக்கும் நல்லதில்லை, பாதுகாப்புக்கும் நல்லதில்லை.

துணை தேட உங்களுக்கு எளிய வழி சனிக்கிழமை காலை பார்க்ரன். 5 கிலோமீட்டர், காசு கிடையாது. ஓடலாம், நடக்கலாம். எல்லோருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருப்பார், எனவே கடைசி ஆளாக வருவோமோ என்ற கூச்சமும் வேண்டாம். 2004இல் லண்டனில் தொடங்கிய இதை, காம்ரேட்ஸ் என்ற நெடுந்தூர ஓட்டப் பந்தயத்தை ஒன்பது முறை வென்ற புரூஸ் ஃபோர்டைஸ் 2011இல் ஜோகன்னஸ்பர்க் டெல்டா பார்க்குக்குக் கொண்டுவந்தார். இன்று நாடு முழுக்க நடக்கிறது. டர்பனில் நார்த் பீச்சில் நடப்பதற்கு வரும் கூட்டத்தைப் பார்த்தால் தேர்த் திருவிழா போல இருக்கும்.

அதைவிட முக்கியம், ஓட்டக் கழகங்கள். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் 1921இலிருந்து நடக்கிறது. அதற்காகப் பயிற்சி செய்கிறவர்களால் இந்த ஊரில் பேட்டைக்கு ஒரு கழகம் இருக்கிறது. 1975 வரை பெண்களையும் வெள்ளையரல்லாதவர்களையும் அதில் முறையான போட்டியாளர்களாகச் சேர்க்கவில்லை. இன்று கழகத்துக்குப் போய்ப் பாருங்கள், இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதி ஆன்ட்டிகள் நம்மைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள். வாரத்தில் ஒரு மாலை 'டைம் டிரையல்' என்று வைப்பார்கள். 4, 5 அல்லது 8 கிலோமீட்டர், தூரம் கழகத்துக்குக் கழகம் மாறும். உறுப்பினராகாமலே போய் ஓடிப் பார்க்கலாம், யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. இரண்டு முறை போனால் உங்கள் வேகத்தில் ஓடும் ஒரு பெண்ணாவது கிடைப்பாள். அவள் எங்கே, எப்போது ஓடுகிறாள் என்று கேளுங்கள். நான் இங்கே எழுதுவதைவிட அது பயன்படும்.

தாலி விஷயத்துக்கு வருவோம். தங்கக் கொடியோடு ஓடாதீர்கள். டி-ஷர்ட்டுக்குள் போட்டாலும் ஓடும்போது வெளியே வந்து ஆடும். அறுத்து இழுத்தால் போவது நகை மட்டுமல்ல, கழுத்தும் கிழியும். மாமியாரிடம் சண்டை போடவும் வேண்டாம். ஓட்டத்துக்கு மட்டும் மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துக்கொள்ளுங்கள். என்னிடம் பயிற்சிக்கு வரும் நம்மவர் சிலர் அப்படித்தான் செய்கிறார்கள். கயிறு இருப்பதால் அத்தையும் சமாதானமாவார், பறிக்கவும் ஒன்றும் இருக்காது. தோடு, மோதிரம், வளையல் எல்லாம் வீட்டில். நல்ல ஸ்மார்ட் வாட்ச் இருந்தால் முழுக்கை மேல்சட்டைக்குள் மறைத்துக்கொள்ளுங்கள்.

போன் கையில் வேண்டாம், கைப்பட்டையிலும் வேண்டாம். இடுப்பில் சட்டைக்கு அடியில் கட்டும் மெல்லிய பெல்ட் கிடைக்கிறது, அதில் வையுங்கள். படம் எடுக்க ஆசை வந்தால் முதலில் சுற்றிப் பாருங்கள், எடுங்கள், உடனே உள்ளே வையுங்கள். பாட்டு கேட்டால் ஒரு காதில் மட்டும். எனக்குக் கேட்டால் அதுவும் வேண்டாம் என்பேன், பின்னால் வரும் காலடிச் சத்தம் தெரிய வேண்டும். உங்கள் பெயர், கணவரின் எண், ரத்த வகை, மருத்துவக் காப்பீட்டு எண் எழுதிய சின்ன அட்டை ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். வீட்டுச் சாவிக்கொத்து முழுவதும் வேண்டாம், ஒரே ஒரு சாவி.

கடற்கரைக்குக் காரில் போவீர்கள். ரிமோட்டை அழுத்திவிட்டு அப்படியே ஓடிவிடாதீர்கள். ரிமோட்டின் அலையைத் தடுத்துவிட்டு, பூட்டாத காரைத் திறந்து துடைத்துக்கொண்டு போவது இங்கே பழைய வித்தை. கதவை ஒருமுறை கையால் இழுத்துப் பார்த்த பிறகு நகருங்கள். இருக்கையில் பை எதுவும் தெரியக் கூடாது. கார் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குத் திரும்பி வந்ததும் சில ராண்ட் கொடுங்கள், அவரும் உங்களுக்கு ஒரு தெரிந்த முகம்தான்.

கணவரின் பயத்தைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்குத் தீனி போடாமல் இருக்க வழி உண்டு. கிளம்பும்போது வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தை ஒரு மணி நேரத்துக்கு அவருக்கு அனுப்புங்கள். எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். "6.30க்கு வந்துவிடுவேன். 6.45 வரை வரவில்லை என்றால் கூப்பிடு. எடுக்கவில்லை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வா" என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். தாமதமானால் நீங்களே நின்று ஒரு செய்தி போட வேண்டும், அது உங்கள் பொறுப்பு. முடிந்தால் முதல் சில வாரம் அவரும் சைக்கிளில் கூட வரட்டும். வழியைக் கண்ணால் பார்த்துவிட்டால் கற்பனையில் வரும் பயம் பாதியாகக் குறையும்.

யாராவது வழிமறித்துப் போனைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். பேரம் வேண்டாம், துரத்தல் வேண்டாம். அவன் கையில் கத்தி இருக்கிறதா இல்லையா என்று ஆராயும் நேரம் அது இல்லை. கொடுத்துவிட்டு ஆள் இருக்கும் பக்கம் ஓடுங்கள். மிளகு ஸ்பிரே பற்றிப் பலர் கேட்கிறார்கள். கடற்காற்றில் அடித்தால் அது உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும், நான் அதை நம்பி யாரையும் அனுப்புவதில்லை. போலீசுக்கு 10111, ஆம்புலன்சுக்கு 10177. செல்போனிலிருந்து எந்த அவசரத்துக்கும் 112. உங்கள் குடியிருப்புக்குப் பாதுகாப்புத் தரும் நிறுவனத்தின் எண்ணையும் பதிந்து வையுங்கள். பல நேரம் அவர்கள்தான் முதலில் வந்து நிற்பார்கள்.

சாலையில் ஓட நேர்ந்தால், ஊரில் போலவே இங்கேயும் வண்டிகள் இடதுபுறம்தான். நீங்கள் வலதுபுறம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடுங்கள். இங்கே டாக்ஸி என்றால் ஆட்களை ஏற்றிச் செல்லும் வேன். கை காட்டினால் எங்கே வேண்டுமானாலும் ஓரம் கட்டும். சாலையோர மஞ்சள் கோட்டுக்கு வெளியே இருக்கிறோம் என்ற நிம்மதி அதனிடம் செல்லாது. நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, பக்கவாட்டில் திரும்பி அசையாமல் நில்லுங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடி நோய் இந்த மாகாணத்தில் இன்னும் இருக்கிறது, காயம் சின்னது என்று விட்டுவிடக் கூடாது. குரங்குக்குப் பயப்பட வேண்டாம், வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடாமல் இருந்தால் சரி.

இன்றே தொடங்குவதென்றால் ஏழு மாத இடைவெளியை மறந்துவிடாதீர்கள். பழைய வேகம் நினைவில் இருக்கும், காலில் இருக்காது. முதல் மூன்று வாரம் ஐந்து நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி 4 கிலோமீட்டர் போதும். வருகிற சனிக்கிழமை பார்க்ரனுக்குப் போங்கள். அதற்கு முன்னால் அவர்கள் தளத்தில் பெயரைப் பதிந்து பார்கோடை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை பதிந்தால் எந்த ஊர் பார்க்ரனுக்கும் அதே பார்கோடுதான். அது கையில் இல்லாவிட்டால் ஓட விடுவார்கள், நேரம் மட்டும் உங்கள் பெயரில் ஏறாது.